வேலை போனது, தூக்கமும் போனது: மாத்திரைச் செலவைக் குறைக்கலாமா?

கேள்வி (கொரோனா காலத்தில் வந்தது): கொரோனாவில் வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. சேமிப்பில்தான் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்கடன் தவணையை மட்டும் விடாமல் கட்டுகிறேன். இரவில் தூக்கமில்லை, ரத்த அழுத்தமும் ஏறிவிட்டது. மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டு, மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: மாத்திரையில் கைவைக்கவே வேண்டாம். ரத்த அழுத்த மருந்தை விட்டு விட்டுப் போட்டால் பக்கவாதம், மாரடைப்பு வரும் அபாயம் கூடும். அப்படி ஒன்று வந்தால் மிச்சப்படுத்தியதைப் போல பல மடங்கு ஒரே வாரத்தில் போய்விடும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் அதே மருந்து ஜெனரிக்காக, அதாவது பிரபல நிறுவனப் பெயர் இல்லாமல், மலிவாகக் கிடைக்கும்.

காப்பீடும் அப்படித்தான். வேலையோடு அலுவலகக் காப்பீடும் போயிருக்கும், கையில் இருப்பது நீங்களே கட்டும் இது ஒன்றுதான். இதைக் காலாவதியாக விட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள்; அது முடியும்வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. பிரீமியத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

தளர்த்த வேண்டியது வீட்டுக்கடனைத்தான். தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய் ஒத்திவைப்போ கால நீட்டிப்போ கேளுங்கள். வட்டி ஏறும், உண்மைதான். ஆனாலும் கையிருப்பு இன்னும் சில மாதம் தாங்கும்.

அப்புறம், தூக்கம். பணக்கவலை நாள்கணக்கில் நீடித்தால் கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் உடலை ஓய்வெடுக்க விடாது. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், முடிவுகளும் சறுக்கும். வேலை போனால் மனமும் சோரும். 1930களில் ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தில் ஆலை மூடியபின் சமூக உளவியலாளர் மரீ யாஹோடா குழுவினர் மக்களை ஆராய்ந்தார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூட மெதுவாகிவிட்டிருந்தது. சம்பளத்தோடு சேர்த்து, நாளுக்கு ஒரு ஒழுங்கையும் பேச நாலு பேரையும் வேலை தருகிறது. பெருந்தொற்றில் வெளியே போகவும் வழியில்லாததால் உங்களுக்கு இது இரட்டை அடி. 2020இல் உலகம் இழந்த வேலைநேரம் 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. இதில் உங்கள் திறமைக் குறைவு எங்கே வந்தது?

கையிருப்பை அவசியச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிவையுங்கள். வங்கிக் கணக்கை வாரம் ஒருமுறை, பகலில் மட்டும் பாருங்கள். இரண்டு வாரமாகவே தூக்கமும் மனமும் இப்படி இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள்.

வங்கி சொல்லும் நிபந்தனைகளை எனக்கு எழுதுங்கள், கூடுதல் வட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.