நூற்றைம்பது வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் எம்.ஏ. சமூகவியல் இறுதியாண்டு ஆய்வறிக்கைக்குத் தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களின் உழைப்பையும் வருமானத்தையும் எடுத்திருக்கிறாள். நூற்றைம்பது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வரச் சொல்லியிருக்கிறார் வழிகாட்டி. வெயிலில் ஊர் ஊராக அலைய அவளுக்குத் துணை இல்லை. பணம் கொடுத்தால் கேள்வித்தாள், அட்டவணை, பைண்டிங் வரை எல்லாம் முடித்துத் தருகிற இடம் ஒன்று இருக்கிறதாம். கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். அப்படிச் செய்து தருகிறவர் ஆலங்குளத்துக்கோ கடையத்துக்கோ போய் யாரிடமும் கேட்கப்போவதில்லை. உட்கார்ந்த இடத்தில் எண்களைப் போட்டு நிரப்புவார். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது இருக்கட்டும். நாள் முழுக்க முதுகு வலிக்க இலை வெட்டிச் சுற்றுகிற ஒரு பெண்ணின் வருமானம் என்று ஒரு பொய் எண் நூலகத்தில் போய் உட்காரும், நாளை இன்னொரு மாணவி அதை மேற்கோள் காட்டுவாள். அது சரியில்லை.

அந்தப் பணத்துக்கு அவசியமும் இல்லை. உங்கள் மகளுக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதியை அரசே பல கோடி செலவழித்து, பயிற்சி பெற்ற ஆட்களை வீடு வீடாக அனுப்பித் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் பலருக்கு இது தெரியாமலேயே எம்.ஏ. முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இதற்குப் பிறகு எழுதுவதை மகளிடம் கொடுங்கள், அவளிடமே பேசுகிறேன்.

பாரும்மா, முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கு. 2021-ல் நடக்கவேண்டியது தள்ளிப்போனதால் நம் கையில் இருப்பது இன்னும் 2011 கணக்குதான். அடுத்ததற்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அரசு அறிவித்திருக்கிறது. பழையது என்று ஒதுக்கிவிடாதே. அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பேரூராட்சிக்கும் வேலை செய்பவர்களை நான்கு பிரிவாகப் பிரித்து, ஆண் பெண் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்: சொந்த விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. உன் பகுதியில் வீட்டுத் தொழில் என்ற பத்தியில் பெண்கள் எண்ணிக்கை எந்த ஊரில் தூக்கலாக நிற்கிறதோ, அங்கே பெரும்பாலும் பீடி இருக்கும். எந்த ஊருக்குப் போய்க் கேட்பது என்ற முடிவை இந்த ஒரு பத்தியை வைத்தே எடுக்கலாம். தெரிந்தவர் இருக்கிற ஊர் என்று தேர்ந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் தென்காசி என்று தேடினால் மாவட்டமாகக் கிடைக்காது. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான், இப்போது 38. தென்காசி 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதனால் பழைய திருநெல்வேலி மாவட்டக் கோப்பைத் திறந்து தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம், வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், சிவகிரி வட்டங்களை நீயே கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லையோரக் கிராமங்களை இன்றைய மாவட்டப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்விலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக்குப் பழைய 32 மாவட்டக் கணக்குதான் அதில் உண்டு. திருநெல்வேலி என்று போட்டிருக்கும் எண்ணை இன்றைய திருநெல்வேலி என்று எடுத்து எழுதிவிடுகிறவர்கள் நிறைய, நீ அதில் சேராதே.

அடுத்தது பிஎல்எஃப்எஸ் எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017 ஏப்ரலில் தொடங்கி இடைவிடாமல் நடக்கிறது. 2024 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் வீடுகள். 2025 ஜனவரியிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா இணையதளத்தில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்தால், பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட ஒவ்வொரு ஆளின் பதிலும் அப்படியே கிடைக்கும். அறிக்கையில் அவர்கள் போட்டுத் தந்த அட்டவணையோடு நிற்கவேண்டியதில்லை, உனக்கு வேண்டிய அட்டவணையை நீயே போடலாம். வயது, படிப்பு, சமூகப் பிரிவு, என்ன வேலை, எந்தத் தொழில், வேலை நடக்கும் இடம் சொந்த வீடா, கடந்த 30 நாள் வருமானம் எல்லாம் உண்டு. தொழில் வகைப்பாட்டில் பீடி உற்பத்திக்கென்றே தனி ஐந்து இலக்க எண் இருக்கிறது.

இங்கேதான் உன் ஆய்வுக்கான நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படி. ஏஜென்ட் இலையும் தூளும் கொடுக்கிறார். பெண் வீட்டில் சுற்றிக் கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் கம்பெனிக்கு வேலை செய்கிறாள் என்றுதான் சொல்வார்கள். சிலர் கையில் பிஎஃப் கணக்கும் இருக்கும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் வீட்டிலிருந்து சுற்றுகிறவரைத் தொழிலாளர் என்றே கருதியது. ஆனால் பிஎல்எஃப்எஸ் கணக்கெடுப்பாளர்களுக்கான விதிப்படி, அடுத்தவர் கொடுத்த பொருளை வாங்கி வீட்டில் வைத்துச் செய்து கொடுப்பவர் சுயதொழில் செய்பவர் வரிசையில் வருவார், குறியீட்டு எண் 11. பள்ளிவிட்டு வந்து கூட உட்கார்ந்து சுற்றுகிற மகள், சம்பளமில்லாத குடும்ப உதவியாளராக 21-ல் வருவாள். எழுத்துமூல ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா, பிஎஃப் உண்டா என்ற கேள்விகளோ கூலிக்காரர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும்தான். ஆக, அந்தக் கேள்விகள் பீடி சுற்றுகிற பெண்ணிடம் போய்ச் சேர்வதே இல்லை. தரவில் அவள் தானே முதலாளி.

இது தெரியாமல் கணினியில் தட்டினால், பீடித் தொழிலில் பெண்கள் பெரும்பாலோர் சுயதொழில் முனைவோர் என்று ஒரு முடிவு வரும். அதை அப்படியே எழுதினால் ஆய்வு கெட்டது. அந்த வகைப்பாடு எதை மறைக்கிறது என்று எழுதினால் அதுவே நல்ல ஆய்வு. இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் மேதை ஆகவேண்டியதில்லை, தரவோடு கூடவே தரும் கேள்வித்தாளையும் களப்பணியாளர் கையேட்டையும் படித்தால் போதும். எண்களைத் திறப்பதற்கு முன்னால் அவை இரண்டையும் அச்செடுத்து வை. சமையலில் உப்பு எப்போது போட்டார்கள் என்று தெரியாமல் ருசி பார்த்து மறுபடி உப்புப் போடுகிற மாதிரிதான், கேள்வியைப் படிக்காமல் பதிலைக் கூட்டுவது.

இன்னொரு விஷயம், எடை. இந்தக் கணக்கெடுப்புகளில் ஒரு வீடு என்பது ஒரு வீடு அல்ல, அது பல நூறு, சில சமயம் பல ஆயிரம் வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது. எத்தனைக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும், அந்த எண்ணிக்கைக்குத்தான் எடை என்று பெயர். 2024 வரையிலான பிஎல்எஃப்எஸ்-ல், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து வீடுகளைப் பிரித்துத்தான் மாதிரி எடுத்தார்கள். அப்படியிருக்க, எடை போடாமல் வெறுமனே தலையை எண்ணினால் படிப்பைப் பற்றி நீ எழுதுகிற எல்லாமே தவறாகிவிடும். எந்தப் பத்தி எடை, அதை எதால் வகுப்பது என்பதைக் கூடவே இருக்கும் குறிப்புக் கோப்பில் போட்டிருப்பார்கள். சரியாகச் செய்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு: அரசு அறிக்கையில் அச்சாகியிருக்கும் ஏதாவது ஒரு எண்ணை, தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்களில் வேலை செய்பவர் சதவீதம் என்று வைத்துக்கொள், முதலில் நீயே கணக்கிட்டு வரவழை. அது அப்படியே வந்தால் உன் கை சரியாக ஓடுகிறது. வராவிட்டால் அடுத்த அடி வைக்காதே.

பதில்களின் எண்ணிக்கையையும் பார். மாநிலம் முழுக்க ஓராண்டுத் தரவிலேயே பீடி சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் அகப்படுவார்கள். தென்காசிக்கு மட்டும் பிரித்தால் கைவிரலில் எண்ணும்படி ஆகிவிடலாம். நாலைந்து பேரை வைத்துச் சதவீதம் எழுதக் கூடாது. பல ஆண்டுகளைச் சேர்த்துத் தமிழ்நாடு அளவில் பேசு, அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டு அதற்குள் பீடியைக் காட்டு. மாவட்ட அளவுக்குப் பொருந்தும்படி மாதிரியை அமைத்ததே 2025-லிருந்துதான்.

குடும்பநல ஆய்வில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாவது சுற்றில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பேசினார்கள் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதே. பெண்ணின் வேலை பற்றிய கேள்விகளை அதில் ஒரு சிறு பகுதி வீடுகளில் மட்டுமே கேட்டார்கள். குடும்ப வன்முறை பற்றிய கேள்வியை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் கேட்டார்கள். அதற்கு எடையும் வேறு. இந்த ஆய்வின் தனிநபர் தரவை பல நாடுகளின் மக்கள்தொகை, உடல்நல ஆய்வுகளுக்கு உதவும் அமெரிக்காவின் டிஎச்எஸ் திட்டத்தின் வழியாகத்தான் எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தோம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதும் அந்தத் திட்டம் தடைப்பட்டு, பாதி ஆய்வில் இருந்த மாணவர்கள் தவித்துப் போனார்கள். அதனால் எந்தத் தரவை எடுத்தாலும் அன்றைக்கே இறக்கி, எந்த நாளில் எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதி, மூலக்கோப்பை மாற்றாமல் இரண்டு இடத்தில் வை.

உன் தலைப்பில் வேலைநேரம் இருப்பதால் நேரப் பயன்பாட்டு ஆய்வைக் கட்டாயம் பார். 2019-ல் முதன்முறையாக நாடு முழுக்க நடத்தினார்கள், மறுபடி 2024-ல். விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பது இது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019-ல் வந்தது. 2024-ல் 289-ம் 88-ம். அடுப்பில் உலை வைத்துவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே மடியில் சுளகு வைத்துச் சுற்றுகிற பெண்ணின் நாளை, நீ எட்டு மணிநேர வேலை என்ற கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தால் முடியாது. இந்த ஆய்வின் கேள்விமுறையை அப்படியே இரவல் வாங்கு. கடன், சாதி, திருமணம், படிப்பு எல்லாம் ஒரே குடும்பத்தில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க ஐஎச்டிஎஸ் எனப்படும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு இருக்கிறது. 2004-05-ல் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்து, 2011-12-ல் அதில் பெரும்பாலானவர்களை மறுபடி போய்ப் பார்த்த ஆய்வு. மாநில அளவுத் தகவலுக்குச் சட்டமன்றத்தில் துறைவாரியாக வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் நல்ல மூலம், தமிழிலேயே கிடைக்கும்.

அப்படியானால் களத்துக்கே போகவேண்டாமா? போ. ஆனால் நூற்றைம்பது பேரிடம் நுனிப்புல் மேய்வதைவிட முப்பது பேரிடம் ஆழமாகப் பேசு என்பது என் கருத்து. பெரிய தரவு சொல்லாததை மட்டும் கேள்: இலையில் கழிவு போனால் யார் ஈடு செய்கிறார்கள், சுற்றிய பீடிக் கட்டு சரியில்லை என்று ஏஜென்ட் தள்ளிவிட்டால் என்ன ஆகிறது, யார் பெயரில் பதிவு, யார் சுற்றுகிறார்கள், சுற்றிய காசு யார் கையில் போகிறது. பெயரை எழுதாதே, எதற்குக் கேட்கிறாய் என்று சொல்லிச் சம்மதம் வாங்கு, ஏஜென்ட் முன்னால் வைத்துக் கேட்காதே. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பித் தகவல் சேர்க்கச் சொன்னார். அப்படிப் பதிவான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பழையதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மாணவர்கள் எடுத்த தகவல்தான் அது. நீயும் எப்படி எடுத்தாய் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தால் உன் முப்பது வீடுகளும் ஒருநாள் யாருக்காவது பயன்படும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதே. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். இப்படி எடை போட்ட கணக்கெடுப்புகளுக்கென்றே அதில் தனித் தொகுப்பு இருக்கிறது. முதலில் எக்செல்லில் நூறு வரியை எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் அதற்குப் போகலாம். வழிகாட்டியிடம் போகும்போது, களம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போகாதே. மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஊர் வாரியாக ஒரு பக்கம், பிஎல்எஃப்எஸ்-லிருந்து ஒரே ஒரு அட்டவணை, முப்பது பேருக்கான கேள்விகள், இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போ. பெரும்பாலான ஆசிரியர்கள் இதைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

அம்மா, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சமூகவியல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் வழி குறுகல்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அதோடு இப்படி ஒரு தரவைத் திறந்து, சரிபார்த்து, அட்டவணை போட்டு, நாலு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்தால் கதை வேறு. ஆய்வு நிறுவனங்களில் ஆராய்ச்சி உதவியாளர், தொண்டு நிறுவனங்களில் திட்டங்களின் பலனை அளக்கும் பிரிவு, பத்திரிகைகளின் தரவுப் பகுதி, மேற்கொண்டு படிக்க மும்பையின் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், சென்னை அடையாறின் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்று கதவுகள் இருக்கின்றன. நேர்காணலில் அவர்கள் கேட்பது, நீ எந்தத் தரவில் வேலை செய்திருக்கிறாய் என்றுதான். அரசு வேலை வேண்டுமென்றால், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகள் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி என்ற பதவி உண்டு. நான் மேலே சொன்ன கணக்கெடுப்புகள் நடக்கிற அதே அமைச்சகத்தின் வேலை. பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 60 சதவீதம் இருக்கவேண்டும், அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்கவேண்டும். அறிவிப்பு வரும்போது தகுதியை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் இளங்கலைப் பாடப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். தேர்வுக்குத் தயாராவதா, ஆராய்ச்சிப் பக்கம் போவதா என்பதை அவளையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யலாம்.