கடற்புல் நடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் விரிகுடாவில் சில ஆண்டுகளாகத் தண்ணீர் கலங்கியே கிடக்கிறது. கடற்புல் அழிந்து, மீன்வரத்தும் குறைந்துவிட்டது. முப்பது பேர் சேர்ந்திருக்கிறோம். கடற்புல் நட்டு விரிகுடாவை மீட்க முடியுமா?

பதில்: மீட்க முடியும். ஆனால் நடவை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடற்புல்லும் வெயிலை நம்பி வாழும் செடிதான். அடிமண் வரை வெளிச்சம் இறங்காத தண்ணீரில் எத்தனை ஆயிரம் நாற்று நட்டாலும் அழுகிப் போகும். அந்த ஏமாற்றத்தில் நல்ல குழுக்களும் கலைந்துவிடுகின்றன.

அதனால் முதல் ஓராண்டைத் தண்ணீரை அறியவே கொடுங்கள். இருபது சென்டிமீட்டர் அகல வட்டத் தகட்டை நான்கு கால்பாகமாகப் பிரித்துக் கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். அடியில் எடை, மேலே அளவு குறித்த கயிறு, அவ்வளவுதான் தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. படகின் நிழல் விழும் பக்கத்தில் மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம், மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரியைக் குறியுங்கள். வாரம் ஒருமுறை, அதே இடத்தில், உச்சிவேளையில். கூடவே ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் தங்கி மேலே தெளிந்திருந்தால், பெரும்பாலும் கரை அரிப்பும் மண்வரத்தும்தான் சிக்கல். பச்சை அப்படியே நின்றால் நுண்பாசி. கழிவுநீரிலோ உரத்திலோ இருந்து வந்து அதை வளர்க்கும் நைட்ரஜனைச் சந்தேகியுங்கள். மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு வாய்க்கால் முகத்துவாரத்திலும் போய்ப் பாருங்கள்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் சுவாசித்து அதைக் குறைத்திருக்கும். நண்பகலில் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இரண்டு விரிகுடாப் பகுதிகளின் கதை அப்படி. அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் சிக்கல் வெளிச்சம் போதாததுதான். மக்கள் கொடுத்த நெருக்குதலில் 1970களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் கடுமையான சட்டம் வந்தது. நைட்ரஜன் குறைந்ததும் புல் பெரும்பாலும் தானாகவே திரும்பியது. 1950களின் பரப்பை ஒட்டி வைத்த இலக்கை 2014 கணக்கெடுப்பில் தாண்டியது. 2016க்குப் பிறகு மறுபடி சரிவு. எனவே அளப்பதை ஒருபோதும் நிறுத்த முடியாது.

அதே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோர விரிகுடாக்களில் நிலைமை வேறு. 1930களில் நோயும் 1933 புயலும் ஈல்கிராஸ் என்ற கடற்புல் வகையைத் துடைத்துவிட்டன. பிறகும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, விதைதான் இல்லை. 1999 முதல் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். 2020 வாக்கில் சுமார் 3,600 ஹெக்டேரில் புல் நின்றது.

உங்களுடையது எந்த வகை என்பதை ஓராண்டுக் குறிப்பேடு சொல்லிவிடும். வெளிச்சம்தான் குறை என்றால், உங்கள் அளவுகளோடு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போங்கள். வெறும் புகாரை ஒதுக்கலாம். தேதி வாரியான கணக்கை ஒதுக்குவது கடினம். தண்ணீர் தெளிவாக இருந்தால் அனுமதி வாங்கி, அறை அளவு இடத்தில் மட்டும் முதலில் நட்டுப் பாருங்கள். அப்புறம், மீனவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். எங்கே புல் இருந்தது, எங்கே நங்கூரமும் வலையும் அடிமண்ணைக் கிளறுகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். நட்ட இடத்தை அவர்கள் சுற்றிப் போனால்தான் புல் வேர் பிடிக்கும்.