மருந்துகளை விலங்குகளில் சோதிப்பதை எதிர்ப்பது வெறும் இரக்கமா?

விலங்குச் சோதனையை எதிர்ப்பவர்கள் பேசுவதில் அறிவியல் உண்டா, இல்லை வெறும் இரக்கம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவியல் நிறையவே உண்டு. மருந்தியல் படித்தவன் என்ற முறையில் அதையே முதலில் சொல்கிறேன்.

2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற மருந்தை நல்ல உடல்நலத்தோடு இருந்த ஆறு ஆண்களுக்கு முதன்முறையாகச் செலுத்தினார்கள். குரங்குகளுக்கு ஆபத்தில்லை என்று கண்ட அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்திலேயே தலைவலி, குளிர் நடுக்கம், காய்ச்சல். அப்புறம் ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்றாலும் ஒருவருக்குக் கால் விரல்கள் போயின. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த மருந்து போய் ஒட்டும் சிடி28 என்ற புரதம், மனிதரின் ஒருவகை நினைவு டி செல்களில் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) இருக்கிறது. சோதித்த குரங்கினத்தில் அதே வகைச் செல்களில் இல்லை. குரங்குக்கு ஒன்றும் ஆகாததில் வியப்பே இல்லை.

1993-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலுரிடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஐந்து பேர் இறந்தார்கள். எலி, நாய், குரங்கு எதிலும் அந்தக் கல்லீரல் நச்சு முன்கூட்டித் தெரியவில்லை. மறுபக்கமும் உண்டு: பெனிசிலின் கினிப் பன்றிகளைக் கொன்றுவிடும். 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சுண்டெலிக்குப் பதிலாக அதில் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, அறம். லண்டன் சோதனைக்கு வந்தவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். விலங்குக்கு அந்த வாய்ப்பே கிடையாது. நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் முயலைப் பெட்டிக்குள் அடைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, கண்ணில் அட்ரோபின் என்ற மருந்தைச் சொட்டுவோம். கண் பாப்பா விரிவதை ஸ்கேலால் அளப்போம். பாப்பா விரியும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது! புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளாமல் ஓர் உயிரை வதைப்பதற்கு என்னால் எந்த நியாயமும் சொல்ல முடியாது. இதையே கணினியில் செய்து பார்க்க, புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் என்ற மென்பொருள் இருக்கிறது.

அதற்காக எல்லாச் சோதனையையும் நாளைக்கே நிறுத்து என்று சொல்லமாட்டேன். 1937-இல் அமெரிக்காவில் எந்த நச்சுச் சோதனையும் செய்யாமல் விற்ற சல்ஃபனிலமைடு திரவ மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றது, பலர் குழந்தைகள். கருவில் வளரும் குழந்தைக்கு மருந்து என்ன செய்யும் என்பதை முழுமையாகப் பார்க்க, ஆய்வகத்தில் செல்களை வளர்த்துச் சோதிப்பது மட்டும் இன்னும் போதாது.

ஆனால் மாற்று இருக்கும் இடத்தில் தயங்கக் கூடாது. விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, மனித செல்கள், உறுப்புச் சில்லுகள் (மனித உறுப்பைப் போல இயங்கும், செல்கள் பதித்த சிறு தகடுகள்), கணினி மாதிரிகள் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. விதி வந்துவிட்டது, அந்த முறைகளுக்கான கருவிகளும் பயிற்சியும் நம் கல்லூரிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் வந்து சேரவேண்டும். நாம் கேட்டு வாங்கவேண்டியது அதைத்தான்.