பயாத்லோனில் விட்ட காசைச் சீட்டுக் காசால் பிடிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். கூட வேலை செய்யும் நோர்வேஜியர்களோடு பயாத்லோன் (பனிச்சறுக்கில் ஓடி இடையிடையே துப்பாக்கியால் குறி சுடும் போட்டி) பார்க்கப் பழகி, பிறகு வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பந்தயம் கட்டத் தொடங்கினேன். இரண்டு குளிர்காலத்தில் 186,000 குரோனர் போய்விட்டது. அதில் 82,000 சேமிப்பு. 64,000 கடன் அட்டையில் எடுத்தது. 24 வீத வட்டி, மாதம் 2,000 கட்டுகிறேன். மிச்சம் 40,000 நண்பரிடம் வாங்கியது. மார்ச்சில் ஒரு ஞாயிறு, நான் காசு கட்டிய வீரர் கடைசியாக நின்று சுடும்போது இரண்டு குறியைத் தவறவிட்டார். அன்று மட்டும் 12,000. மனைவிக்கு எதுவும் தெரியாது. 60,000 குரோனர் சீட்டு ஒன்று பிடிக்கிறேன். முடிய 11 மாதம் இருக்கிறது. 7,000 கழிவு விட்டால் அடுத்த மாதமே எடுக்கலாம் என்கிறார் சீட்டு நடத்தும் தாச்சி. அதில் கடனை அடைக்கவா, அல்லது நவம்பரில் போட்டிகள் தொடங்கும்போது ஒரு பகுதியை வைத்துக் கவனமாக விளையாடி விட்டதைப் பிடிக்கவா? இந்த விளையாட்டு எனக்கு நன்றாகத் தெரியும்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியை நான் நம்புகிறேன். இரண்டு குளிர்காலம் விடாமல் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது. நானும் பார்க்கிறவள்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதல் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பந்தய விலை போடுகிறவனுக்கும் தெரியும். ஆட்டத்தைத் தீர்மானிப்பதோ உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அந்த ஞாயிறையே எடுப்போம். 50 மீற்றர் தூரம், நின்று சுடும்போது குறியின் அகலம் 115 மில்லிமீற்றர். நெஞ்சு அடித்துக்கொள்ள ஓடி வந்து நின்று ஐந்து குண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு குண்டு படுகிற கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஐந்தையும் சரியாகச் சுடும் வாய்ப்பு 59 வீதம்தான். முழுப் போட்டியின் இருபதையும் தவறாமல் சுடுவது எட்டுத் தடவைக்கு ஒரு தடவை. ஒரு குறி தவறினால் 150 மீற்றர் தண்டனைச் சுற்று, இருபது நொடிக்கு மேல் போய்விடும். ஜேர்மனியின் ஓபர்ஹோஃப் மைதானத்தில் மூடுபனி இறங்கினால் இந்தக் கணக்கும் செல்லாது. உங்கள் ஆள் இரண்டு தவறவிட்டது துரதிர்ஷ்டம் இல்லை, அந்த விளையாட்டின் வழமை அது.

இனி விலைக்கு வருவோம். இரண்டு வீரர்களில் யார் முன்னால் வருவார் என்ற பந்தயத்தில் வென்றால் கட்டிய ஒரு குரோனருக்கு இரு பக்கமும் 1.85 கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 100 கட்டினால் 200 போய் 185 திரும்பி வரும். அதாவது நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100 குரோனரிலும் சராசரியாக 7.50 அவர்களுக்கு. வென்ற காசை எடுக்காமல் அடுத்த போட்டியில் திரும்பக் கட்டும்போது மறுபடி 7.50. உங்கள் கணக்கில் மொத்தமாகக் கட்டிய தொகை என்று ஒன்று காட்டும். அதைப் போய்ப் பாருங்கள். நீங்கள் போட்ட காசைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இன்னொன்று. பயாத்லோன் போன்ற சின்னச் சந்தைகளில் தொடர்ந்து வெல்கிறவரின் கணக்கை இந்த நிறுவனங்கள் சுருக்கிவிடும். சின்னத் தொகைக்கு மேல் கட்ட விடாது. உங்களை 12,000 கட்ட விட்டிருக்கிறார்கள். உங்கள் திறமையைப் பற்றி அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு அதுதான்.

ஆகவே விட்டதைப் பிடிக்கும் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். சின்னத் தொகையோடும் வேண்டாம். அந்த 82,000 செலவாகிவிட்டது. மற்ற 104,000தான் இப்போது உங்கள் பிரச்சினை. அதற்கு வழி இருக்கிறது.

சீட்டை எடுக்கலாம். கழிவு போக 53,000 வரும். அதை அட்டையில் போட்டால் மாதம் 1,060 வட்டி மிச்சம். நோர்வேயில் கட்டிய வட்டிக்கு 22 வீதம் வரிச்சலுகை இருப்பதால் உண்மையான மிச்சம் சுமார் 830. ஒன்பதாவது மாதத்தில் 7,000 கழிவு உழைத்து முடிந்துவிடும். உங்களுக்கு 11 மாதம் இருக்கிறது, ஆக இலாபம்தான், ஆனால் மெல்லிய இலாபம். கழிவு எட்டாயிரத்தைத் தாண்டினால் எடுக்காதீர்கள். இப்போது நீங்கள் கட்டும் 2,000இல் 1,280 வட்டிக்கே போகிறது. 53,000ஐப் போட்ட பின் மிஞ்சும் 11,000 அதே 2,000 கட்டினால் ஆறு மாதத்தில் முடியும். அப்புறம் அந்த 2,000ஐ நண்பர் பக்கம் திருப்புங்கள், இருபது மாதம். அவருக்கு இந்தத் திகதிகளை இப்போதே சொல்லிவிடுங்கள். காசு தாமதிப்பதைவிடச் செய்தி தாமதிப்பதுதான் நட்பைக் கெடுக்கும்.

ஆனால் சீட்டுக் காசு கைக்கு வரும் முன் கதவுகளை அடைக்க வேண்டும். 53,000 உங்கள் கணக்கில் கிடக்க, சனிக்கிழமை போட்டி நடக்க, நீங்கள் சும்மா இருப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தளத்துக்கு எழுதி, சூதாட்டப் பிரச்சினை என்று காரணத்தையும் சொல்லி, கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லுங்கள். நோர்வேயில் இப்படிப்பட்ட தளங்களுக்கு அனுமதி இல்லை, வங்கிகள் அவற்றுக்குக் காசு அனுப்பவும் கூடாது. நீங்கள் ஏதோ ஒரு இணையப் பணப்பை வழியாகத்தான் அனுப்பியிருப்பீர்கள். அதையும் மூடுங்கள். தொலைபேசியில் பந்தயத் தளங்களைத் தடுக்கும் செயலி ஒன்றைப் போடுங்கள். அரச சூதாட்ட நிறுவனமான நோர்ஸ்க் திப்பிங்கிலும் உங்களை நீங்களே விலக்கி வையுங்கள். அவர்கள் 2016இல் மாத இழப்புக்கு 20,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள்; அது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

பலருக்குத் தெரியாத ஒன்று கிரெடித்ஸ்பெர்ரே, அதாவது கடன் தடை. கடன் தகவல் நிறுவனங்களிடம் நீங்களே உங்கள் பெயருக்குத் தடை போடலாம், இலவசம். போட்டுவிட்டால் இரவு ஒரு மணிக்கு எந்த வங்கியும் உங்களுக்குப் புதுக் கடன் தராது. இதை இன்றே செய்யுங்கள்.

இனிக் கஷ்டமான பகுதி. சீட்டுக் காசு மனைவி கையில் போக வேண்டும். அட்டைக் கடனையும் அவர்தான் கட்ட வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுத்தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். முதலில் அட்டைக் கடன் 64,000 மட்டும் என்று சொல்லி, பிறகு நண்பரின் 40,000 வெளியே வந்தால் இரண்டாவது கதைதான் வீட்டை உடைக்கும். யெல்ஸ்ரெகிஸ்தர் என்ற கடன் பதிவேட்டின் இணையப் பக்கத்தில் பாங்க்ஐடி (வங்கி மின் அடையாளம்) போட்டால் உங்கள் பெயரிலுள்ள அட்டைக் கடன் எல்லாம் தெரியும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நித்திரையான பிறகு கதையுங்கள். ‘திருப்பிப் பிடித்துத் தருகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சூதாட்ட உதவி இலக்கம் 800 800 40. பெயர் சொல்லத் தேவையில்லை. கடன் ஆலோசனை அரச நலன்புரி அலுவலகமான நாவில் இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தொலைபேசி வழியாகக் கேளுங்கள். ஒஸ்லோத் தமிழர் வட்டம் சின்னது, எதிரே வந்து உட்காருகிறவர் உங்கள் சீட்டிலேயே இருக்கக்கூடும். நித்திரை கெட்டு, வாழ்வே பாரமாகத் தோன்றினால் காசுக் கதையெல்லாம் பிறகு. முதலில் குடும்ப வைத்தியர், இரவென்றால் அவசர வைத்தியச் சேவை 116 117.

பயாத்லோன் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தக் குளிர்காலம் தனியாகப் பார்க்காதீர்கள். வேலை நண்பர்களோடு பாருங்கள், தொலைபேசியை ஜக்கெட்டில் விட்டுவிட்டு. தாச்சிக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்குள் வீட்டில் கதைத்து முடித்திருக்க வேண்டும்.