அப்பத்தா ஏன் திண்ணைக்குப் போனார்?

கேள்வி: காரைக்குடியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பூமி சூடாவதைத் தொழில்நுட்பத்தால்தான் தடுக்க முடியும் என்று நம்புகிறேன். ஜெர்மனி போய் சூரிய மின்சக்தி படிக்க ஆசை, ஆனால் அப்பச்சி (அப்பா) ஐடியில் சேரச் சொல்கிறார். நம் ஊரில் இந்தத் துறைக்கு என்ன இருக்கிறது? குரங்குத் தொல்லைக்காக முற்றத்தை ஷீட் போட்டு மூடியதிலிருந்து என் அறையில் ஏசி போடாமல் உட்கார்ந்து படிக்கவும் முடியவில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் படுக்கும் அப்பத்தாகூட ஏசி ஒத்துக்கொள்ளாமல் திண்ணைக்குப் போய்விட்டார். அப்பச்சியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- கண்டனூர் வாசகர்

பதில்: தம்பி, அப்பச்சி கிடக்கட்டும். ஏசி இருப்பது உன் அறையில், அப்பத்தா படுத்தது வளவில். இல்லாத ஏசி அவருக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? அவரை விரட்டியது சூடு. பேரன் மனசு நோகக் கூடாது என்று அவர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார், நீயும் அதை அப்படியே நம்பி எனக்கு எழுதியிருக்கிறாய். மூன்று வருஷம் வெப்ப இயக்கவியல் படித்த பிள்ளை!

முற்றம் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்ததில்லை. வீட்டுக்குள் சூடாகும் காற்று மேலே எழுந்து அந்த வழியாகத்தான் வெளியே போகும். கனமான சுண்ணாம்புச் சுவரும், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடும் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், ராத்திரி முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் அந்தச் சூடும் போய்விடும். அதன் தலையில் ஷீட்டைப் போட்டால் வெயிலும் அதன் வழியாக வளவைச் சுட வைக்கும், ஏறிய காற்றும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஏசியின் வெளி யூனிட்டை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று நீ எழுதவில்லை. வளவுப் பக்கம் என்றால் உன் அறைச் சூட்டையெல்லாம் அது அப்பத்தா தலைமாட்டில்தான் கொட்டியிருக்கும்.

குரங்குக்கு இரும்புக் கம்பி வலை போதும், நம் பக்கத்து எத்தனை முற்றங்களில் பார்த்திருப்பாய். ஷீட்டை எடு. எடுப்பதற்கு முன்னும் பின்னும் சில நாள் பகல் இரண்டு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் வளவில் தெர்மாமீட்டர் வைத்து எழுது, இரண்டு மாத மின் கட்டணத்தையும் பக்கத்திலேயே குறித்து வை. உன் ஆசை வெறும் பேச்சில்லை என்று அப்பச்சி நம்ப வேண்டுமென்றால் அந்தத் தாளைக் காட்டு.

அப்புறம், நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. காரைக்குடியில் படித்துக்கொண்டு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் தெரியாதா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட இடம். சூரிய மின்சாரத்தை ராத்திரிக்குச் சேமிக்க பேட்டரி வேண்டும், அந்த பேட்டரி ஆராய்ச்சி உன் ஊரிலேயே நடக்கிறது. ஒரு புராஜெக்ட் கேட்டு அந்த வாசலில் நின்றிருக்கிறாயா?

ஜெர்மனி போகாதே என்று நான் சொல்லவில்லை, கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் வியாபாரம் பண்ண, கப்பலேறிய குடும்பங்கள்தானே நம் ஊரில் பாதி. ஆனால் பர்மாவுக்குப் போனவர்கள் தேக்கை இங்கே கொண்டுவந்து வீடு கட்டினார்கள். வீட்டுப் பெரியவளைத் திண்ணையில் படுக்க விட்டுவிட்டு உலகத்துக்குக் குளிர்ச்சி கொண்டுவருகிறேன் என்கிற பிள்ளைக்கு அப்பச்சியிடம் பரிந்து பேச எனக்கு வாய் வராது. வலை அடித்து முடித்ததும் தெர்மாமீட்டர் கணக்கோடு எழுது, கல்விக் கடன் பற்றி அப்போது பேசலாம்.