ஓட்டுத்துண்டும் பழைய ஊரும்: கேள்வி பதில்

உடுவில்: ஐயா, தோட்டத்திலை ஓட்டுத்துண்டு, அதாவது உடைஞ்ச மட்பாண்டத் துண்டு, கிடந்தால் அங்கை பழைய ஊர் இருந்ததெண்டு சொல்லலாமோ?

ஒன்றிரண்டு துண்டை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டுக் குப்பையும் சாம்பலும் பசளையாகத் தோட்டத்துக்குப் போகும்போது உடைந்த சட்டியும் கூடவே போகும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எந்தத் தறையில் நடந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலில் படும். தொல்லியல் ஆய்வில் நாங்கள் பார்ப்பது அடர்த்தியை. சம இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, அளந்த சதுரம் ஒவ்வொன்றிலும் எத்தனை துண்டு, என்ன நிறை என்று பதிவோம். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், உழவில் துண்டுகள் நொறுங்கிய காணி பெரிய ஊராகத் தெரியும். சமையற்சட்டி, தண்ணீர்ப்பானை, வாய்விளிம்பு எல்லாம் கலந்து ஓரிடத்தில் செறிந்து வந்தால் அங்கே ஆட்கள் இருந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று எடுக்கலாம்.

தொல்லியலாளர் பொ. இரகுபதி 1980களின் தொடக்கத்தில் குடாநாட்டில் இப்படித்தான் ஊர் ஊராக, தோண்டாமல் நிலத்தின் மேல் கிடப்பதைப் பதியும் மேற்பரப்பாய்வு செய்தார். 1987இல் அது நூலாக வந்தது. அதிலிருந்து தொடங்குங்கள்.

மானிப்பாய்: கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்தை எப்படிப் பிடிபடுத்துவது?

இது இரும்புக்காலத்திலிருந்து வரும் பழைய பாண்டம். உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுத்துவிடும். அடுப்புக் கரி பிடித்த சட்டியோடு குழப்பாதீர்கள். கரி வெளிப்பக்கத்தில்தான் ஏறும். வலிகாமத்துப் பழைய குடியிருப்பான கந்தரோடையில் இதோடு ரௌலட்டட் எனப்படும் தட்டுகளும் கிடைத்தன. அவை மெல்லியவை, வழுவழுப்பானவை. உள் அடியில் பொடிப்பொடியான கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடும். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலர் இவற்றை மத்தியதரைக் கடற்பக்கச் சரக்கு என்று நினைத்தார். பிறகு களிமண்ணைச் சோதித்தபோது இந்தியத் துணைக்கண்டத்துச் செய்பொருள் என்று தெரிந்தது.

கொக்குவில்: படம் அனுப்பியிருக்கிறேன். எத்தனை ஆண்டு பழசு?

படத்தில் சொல்ல முடியாது. எடுத்த இடம் தெரியாத துண்டு எனக்கு ஒன்றும் சொல்லாது. எடுக்காதீர்கள், கிடந்த இடத்தைக் குறியுங்கள்.

சண்டிலிப்பாய்: எங்கட காணி முழுக்க ஓட்டுத்துண்டு. வழுக்கையாற்றாலை வள்ளம் வந்து இறங்கின இடமெண்டு நான் நினைக்கிறன்.

அதே ஊர், இன்னொருவர்: அண்ணை, அந்தக் காணிக்குக் குளத்து மண் ஏற்றினது. என்ரை அப்பா வண்டில் பிடிச்சவர்.

இருவருக்கும் நன்றி. இந்த வாதம்தான் எங்கள் வேலையின் நடுப்பகுதி. குளம் வற்றும்போது வண்டலை வெட்டித் தோட்டத்தில் பரப்புவது எங்கள் ஊர்ப் பழக்கம். அதனால் மண்ணைப் பார்க்க முன் காணிக்கார முதியவரைக் கேட்க வேண்டும். பிறகு எல்லைக்குப் போங்கள். துண்டுகள் வேலியோடு சட்டென்று நின்றால் மண் ஏற்றிய காணி. வேலிக் கதியாலைத் தாண்டி அடுத்த வளவுக்குள்ளும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போனால் அவை பெரும்பாலும் அந்த இடத்துக்கே உரியவை. விளிம்பு தேய்ந்து, குளத்து நத்தை ஓடு கலந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சண்டிலிப்பாய்: வேலி இருபது தரம் மாறியிருக்குமே ஐயா? சீதனமாய்ப் பிரிச்ச காணி.

சரியாகச் சொன்னீர்கள். அதற்குத்தான் பழைய காணி உறுதி, கிடைத்தால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பு. இன்றைய வேலி மட்டும் போதாது.

அதே இன்னொருவர்: அப்ப குளத்து மண்ணெண்டால் அது குப்பைதானே?

இல்லை, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். குளத்துக்குள் அந்தத் துண்டு எப்படி வந்தது? தண்ணீர் அள்ள வந்தவர்களின் பானை உடைந்தது, அல்லது மேட்டிலிருந்து மழை அடித்து வந்தது. எந்தக் குளத்து மண் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால், அந்தக் குளத்தின் மேட்டுப்பக்கத்தில் நடந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆறென்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். அதன் ஓரத்துக் கந்தரோடை இவ்வளவு பழைய குடியிருப்பாக இருந்ததற்கு அந்தத் தண்ணீரும் பக்கத்துச் செம்மண்ணும் முக்கிய காரணம். உங்கள் குளம் அந்த ஆற்றோர வரிசையில் வருகிறதா என்பதே நான் அறிய விரும்புவது. வள்ளம் வந்ததென்று சொல்ல இது போதாது.

நல்லூர்: கறுப்பு-சிவப்புப் பாண்டம் செய்தவை தமிழரோ?

அதே பாண்டம் தமிழ்நாட்டிலும் உண்டு, அநுராதபுரத்திலும் உண்டு. சட்டியின் நிறத்தை வைத்து மொழி சொல்ல வேண்டாம். மொழிக்கு எழுத்து வேண்டும். ஆனைக்கோட்டை ஈமக்குழியில் கிடைத்த முத்திரையில் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பழைய பிராமி எழுத்தும் இருக்கின்றன. மொழியைப் பற்றிப் பேச விரும்பினால் அதில் தொடங்குங்கள்.

வேலணை: கடற்கரையில் பளபளப்பான துண்டுகள் கிடக்கின்றன.

அல்லைப்பிட்டியில் சொங் அரசர் காலச் சீனப் பாண்டம் ஏராளமாகக் கிடைத்தது. நயினாதீவில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் நீலப்பூ அச்சடித்த வெள்ளைத் தட்டென்றால் அது வெள்ளைக்காரர் காலத்தது.

சாவகச்சேரி: படம் இணைத்திருக்கிறேன், எத்தனை ஆண்டு?

கொக்குவில்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கோப்பாய்: ஒரு நாணயம் இருக்கு. விற்கலாமோ?

விற்கவேண்டாம். நாணயம் என் துறையும் அல்ல; யாழ். பல்கலைக்கழக வரலாற்றுத்துறையில் காட்டுங்கள். கிடந்த இடத்தை மேலும் கிண்டவும் வேண்டாம். அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

அச்சுவேலி: படம் பார்த்து வயது சொல்வீர்களா?

மாட்டேன். இடம், இடம், இடம். அதைக் குறித்து அனுப்புங்கள்.

கிளிநொச்சி: மாணவர்கள் நடக்க எந்தக் காலம் நல்லது?

உழுத பிறகு முதல் மழை பெய்து வெளித்த நாள். கழுவுப்பட்ட துண்டு தூரத்திலேயே தெரியும். பயிர் மூடினால் ஒன்றும் தெரியாது. குளத்துத் தரைக்கு ஆடி, ஆவணி. உங்கள் பக்கத்தில் முதலில் கிராம சேவையாளரையும் காணிக்காரரையும் கேளுங்கள். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தத் துண்டுக்காகவும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.