பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள்

வணக்கம். நானும் மனைவியும் பதினாறு வருடமாக நகரின் நடுவில் இருக்கிறோம். கணக்கு எழுதுவது, வரி பார்த்துக் கொடுப்பது என் தொழில். இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். இப்போது புறநகரில் புதிதாக எழுந்திருக்கும் ஒரு டவுன்ஷிப்பில் வீடும், அங்கேயே கடைத்தெருவில் ஓர் அலுவலக அறையும் பார்த்து வைத்திருக்கிறோம். வீடு, தொழில், பள்ளி எல்லாமே நடக்கிற தூரம் என்கிறார்கள். நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் புறநகரை ‘தூங்கப் போகும் ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனைவிக்கு ஒரே தயக்கம். உங்கள் கருத்து இன்னும் அதுதானா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு எழுதிய வரி அது. பாதிதான் உண்மை.

பசுமை, அமைதி, நல்ல காற்று என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் குடிபோன மூன்றாம் மாதம் வாசலில் நிற்கும் மரம் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசிவரை கையில் நிற்பது நேரம்தான். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைப் போக்குவரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று சேசாரே மார்கெட்டி என்ற இத்தாலிய அறிஞர் 1994இல் எழுதினார். நடந்து போன காலத்தில் ஊர் சிறியதாக இருந்தது. ரயிலும் காரும் வந்ததும் ஊர்தான் பெருத்ததே தவிர, அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகவில்லை. வீடும் தொழிலும் ஒரே இடத்தில் என்றால் அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. டவுன்ஷிப்பின் உண்மையான கவர்ச்சி என்று நான் நினைப்பது இதைத்தான்.

இந்த ஆசை புதிதும் இல்லை. எபனேசர் ஹவார்ட் என்று ஓர் ஆங்கிலேயர். கட்டடக் கலைஞர் இல்லை, சுருக்கெழுத்தாளர். 1898இல், மக்களை இழுக்கும் மூன்று காந்தங்களின் படம் ஒன்று போட்டுக் காட்டினார். ஒன்று நகரம், ஒன்று கிராமம். மூன்றாவது, இரண்டின் நல்லதும் சேர்ந்த தோட்ட நகரம். அதில் 32,000 பேர் என்று கணக்கு வைத்திருந்தார். லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த்தில் 1903இல் அதைக் கட்டவும் தொடங்கினார்கள். அங்கே பல பத்தாண்டுகள் மது விற்க அனுமதி இல்லை என்பது தனிக் கதை. நமக்கு வேண்டியது வேறு: ஹவார்ட் தன் ஊருக்குள் தொழிற்சாலைகளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார். லெட்ச்வொர்த்தில் அச்சகம் வந்தது, பெண்களின் இடைக்கச்சு செய்யும் பெரிய ஆலை வந்தது. குடியிருக்க வந்தவர்களில் பலருக்கு அங்கேயே சம்பளமும் கிடைத்தது.

பின்னால் வந்த பலர் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். வீடு கட்டி விற்பது சுலபம். வேலையைக் கொண்டுவருவது கஷ்டம்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தார் இதைத் தெரிந்துதான் வெல்லிங்பி என்ற புறநகரைத் திட்டமிட்டார்கள். 1954இல் திறந்தார்கள். வேலை, வீடு, மையம் என்ற மூன்று ஸ்வீடிஷ் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஏபிசி நகரம்’ என்றே அதற்குப் பெயர். மெட்ரோ நிலையத்தைச் சுற்றிக் கடைகள், அப்புறம் அடுக்குமாடிகள், அதற்கும் அப்பால் தனி வீடுகள். இன்றைக்கும் நகரமைப்பு படிப்பவர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். அவ்வளவு யோசித்துக் கட்டியும், எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் உள்ளூரில் வேலை பார்க்கவில்லை. காலையில் மெட்ரோ ஏறிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணவனுக்கு ஒரு பக்கம், மனைவிக்கு இன்னொரு பக்கம் வேலை என்றிருக்கும் வீட்டை எந்த வரைபடத்தாலும் கட்டிப்போட முடியாது.

இதனால் அங்கே கடை போடுபவருக்கு என்ன ஆகும்? காலை எட்டு மணியோடு தெரு வெறிச்சோடும், மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடி உயிர் வரும். வாடகையோ இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் ஓடுகிறது. மதியச் சாப்பாட்டை நம்பிய உணவகம், ஜெராக்ஸ் கடை, அலுவலகப் பொருள்கள் விற்பவர் எல்லாரும் முதலில் அடி வாங்குவார்கள். மருந்துக்கடை, சலூன், மளிகை, டியூஷன், பல் மருத்துவர் தாக்குப்பிடிப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்துப்போய்க் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். வேலை நாளில், பகல் பதினோரு மணிக்கு நீங்களே போய் அந்தக் கடைத்தெருவில் அரை மணி நேரம் நில்லுங்கள். கொரோனாவுக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நான் ‘தூங்கப் போகும் ஊர்’ என்று எழுதியது சில இடங்களில் பொய்த்துப் போனதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

கடைத்தெருவை யார் நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சவுத்டேல் என்ற வணிக வளாகத்தை விக்டர் க்ரூயென் வடிவமைத்தார். முழுக்க மூடி, குளிரூட்டிய முதல் மால் அதுதான். அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் வந்து முழு ஊராக வேண்டும் என்பது அவர் கனவு. மாலும் கார் நிறுத்துமிடமும் வந்தன. மற்றது அவர் நினைத்தபடி வரவில்லை. கடைசிக் காலத்தில், இந்த மால்கள் என் பிள்ளைகளே இல்லை என்று கைகழுவினார். ‘இரண்டாம் கட்டத்தில் வரும்’ என்று விற்பனையாளர் சொல்வதை எல்லாம் வராது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். வந்தால் லாபம்.

இன்னொன்று வயது. புது டவுன்ஷிப்புக்கு எல்லாரும் ஒரே சமயத்தில், அநேகமாக ஒரே வயதில் வருகிறார்கள். டோக்கியோவின் தாமா புதுநகருக்கு 1971 முதல் இளம் குடும்பங்கள் வந்தன. பள்ளிகள் நிரம்பின. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபோது சேர்ந்தாற்போல எல்லா வீட்டிலும் முதுமை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மின்தூக்கி இல்லாத மாடிகளில் வயதானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பழைய ஊரில் ஒரே தெருவில் கைக்குழந்தையும் தாத்தாவும் இருப்பதால் தேவைகள் கலந்தே இருக்கும். புது ஊரில் அவை அலைபோல வரும், போகும். விளையாட்டுப் பொருள் விற்பவருக்கு இது பெரிய விஷயம். வரிக்கணக்குக்கு வயது ஒரு தடையில்லை.

விதிமுறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947இல் நியூயார்க் பக்கம் எழுந்த லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில் வேலி போடக்கூடாது, புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும் என்றெல்லாம் விதி இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்றும் எழுதி வைத்திருந்தார்கள். ஒழுங்கு என்ற பெயரில் எதுவும் உள்ளே வரும். பெயர்ப்பலகை எவ்வளவு பெரியதாக இருக்கலாம், வெளியாள் வந்தால் வாசலில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், பராமரிப்புக் கட்டணத்தை யார் எப்போது கூட்டலாம், இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். போகலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். உங்கள் வாடிக்கையாளர் வருடத்துக்கு நான்கைந்து முறை வருவார். மீதி போனிலும் மின்னஞ்சலிலும் நடக்கும். நடமாட்டத்தை நம்பிய தொழில் இல்லை. அதனால் கடைத்தெருவின் தரைத்தள அறை உங்களுக்குத் தேவையே இல்லை. மாடியில் பின்பக்கம் கேளுங்கள், வாடகை குறையும். புதிய இடத்தில் ஒருவருக்கு ஒழுங்காக வேலை செய்து கொடுத்தால், நீச்சல்குளத்து ஓரப் பேச்சிலேயே இன்னும் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். பிழை செய்தாலும் அதே வேகம்தான். வீட்டை மட்டும் முதல் ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள். பிறகு வாங்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. கடிதத்தில் உங்கள் விருப்பம் இருக்கிறது, மனைவியின் தயக்கம் இருக்கிறது. உங்களிடம் வேலை பார்க்கும் அந்த இரண்டு பேர் இப்போது எங்கிருந்து வருகிறார்கள், நாளை அங்கே எப்படி வந்து சேர்வார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம் அவர்கள் தலையில் போய் விழலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.